அறுப்புப் பண்டிகையில் ஏலம் போன என் மாத்திரைப் புட்டி

ஆண்டவருக்குள் அன்பான அக்கா தங்கச்சிமாருக்கும் அண்ணன் தம்பிமாருக்கும் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஜாய்ஸ் எழுதுகிறேன். எனக்கு மெதுவாகப் பேச வராது. ஷூ கம்பெனியில் எங்கள் ஸ்டிச்சிங் லைனில் அத்தனை மிஷின் சத்தத்துக்கு நடுவிலும் என் குரல்தான் தனியாகக் கேட்கும் என்பார்கள். அப்படிப்பட்ட நான் இரண்டு வருஷத்துக்கும் மேலாக ஒரு வார்த்தையை வாய்க்குள் அடக்கி வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சபை நடுவே அதைச் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். எனக்கு எச்ஐவி இருக்கிறது. என் மகள் கிருபாவுக்கு இல்லை. இல்லவே இல்லை! கடைசி டெஸ்ட்டும் அப்படித்தான் சொல்லிவிட்டது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு ஆசை தீரவில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் ஆண்டவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். டேனியலைக் கட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. அந்தக் கணவர் காசநோயில் இறந்துபோனார். நோய் மூளைக்குப் போய்விட்டது என்று மாமியார் வீட்டில் சொன்னார்கள். அதற்குமேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, என்னையும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார் என்று சொல்ல ஆளில்லை. அம்மா வீட்டுக்கு வந்தேன், கம்பெனி வேலைக்குப் போனேன், வருஷங்கள் ஓடின. நன்றாகத் தின்றேன், நன்றாகத் தூங்கினேன். ஒரு காய்ச்சல்கூட ஒழுங்காக வந்ததில்லை. பிறகு எங்கள் சபை ஆயர் பேசி முடித்து டேனியலைக் கட்டினேன். அவருக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவதால் வீட்டில் குறை ஒன்றும் இல்லை.

அடுத்த வருஷமே நான் முழுகாமல் இருந்தேன். மூன்றாம் மாதம் அரசாங்க ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனையை எனக்கும் எடுத்தார்கள். மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னை மட்டும் ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் மேடம் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். சொன்னார். மறுபடி எடுத்துப் பார்த்தார்கள், மறுபடியும் அதுவேதான். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. மேடம் பேசிக்கொண்டே இருக்கிறார், அவர் உதடு அசைவது மட்டும் தெரிகிறது. என் கை தானாக வயிற்றின்மேல் போய் உட்கார்ந்தது. எனக்கு வந்தது வரட்டும், இதற்குமா என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் அழுகை வந்தது.

டேனியலுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அவருக்கு இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், மறுபக்கம் கிலி. இனி இவர் எதற்கு என்னோடு இருக்க வேண்டும்? பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கையில் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

"நீங்க உங்க வழியப் பாத்துக்கங்க. நான் தப்பா நெனைக்கமாட்டேன்" என்றேன்.

அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். அப்புறம் சொன்னார்: "தோல் ஷாப்லேர்ந்து வர்றப்ப என் மேல இன்னா நாத்தம் அடிக்கும்னு எனக்குத் தெரியும். பஸ்ல கூட பக்கத்துல எவனும் உக்கார மாட்டான். நீ ஒருநாளாவது மூஞ்ச சுளிச்சிருக்கியா? பக்கத்துல உக்காந்துதான சோறு போட்டே. இதுக்கு நான் ஓடிப்போவேனா? டீய குடி, ஆறிப்பூட்ச்சி."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். ஆறிப்போன அந்த டீயைக் குடித்தேன்.

எங்களோடு டேனியலின் அக்கா ரோஸ்லின் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அப்பா அம்மா போன பிறகு டேனியலை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தலைவி. அவர் ஜெபித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். எனக்கு ஏற்ற ஜோடி. அவரிடம் மறைக்க எங்களுக்கு மனசு வரவில்லை. சொன்னோம். உடனே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முழங்கால் போட்டவர் சாயங்காலம்தான் எழுந்தார். "நான் கர்த்தருகிட்ட வேண்டி ஒரு பொருத்தன பண்ணிருக்கேன். இன்னான்னு கேக்காதே. நேரம் வர்றப்ப செய்வேன்" என்றார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் எனக்காக உபவாசம். சபையில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. விசேஷ ஜெபக் குறிப்பு என்று மட்டும் சொல்லி எல்லோரையும் ஜெபிக்க வைத்தார். அண்ணியைப் பற்றி இனிமேல் நான் சொல்லப்போவதைப் படிக்கும்போது இதையும் மறந்துவிடாதீர்கள்.

எங்கள் சபையில் திருவிருந்துக்கு ஒரே கிண்ணம்தான். வரிசையாக முழங்கால் போட, ஆயர் ஒருவர் பின் ஒருவராக அதிலேயே திராட்சரசம் கொடுத்துக்கொண்டு வருவார். எனக்கு வியாதி என்று தெரிந்த பிறகு நான் போகவில்லை. என் உதடு பட்டது அடுத்தவர் உதட்டில் படுமே என்று பயம். இரண்டு மாதம் தூண் ஓரமாகவே உட்கார்ந்திருந்தேன். கவுன்சிலர் மேடத்திடம் சொன்னதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "எச்சில்ல பரவாதும்மா. ஒரே தட்டுல தின்னா பரவாது, கட்டிப் பிடிச்சா பரவாது, கொசு கடிச்சாலும் பரவாது. உடலுறவு, ரத்தம், தாய்கிட்டேர்ந்து பிள்ளைக்கு. அவ்ளோதான் வழி" என்றார். அடுத்த திருவிருந்துக்கு நான் போனேன். ஆண்கள் வரிசையில் நிற்க வேண்டிய டேனியல் என் பக்கத்தில் வந்து முழங்கால் போட்டார். நான் குடித்த பிறகு கிண்ணத்தின் விளிம்பை ஆயர் துடைக்கப் போனார். இவர் அதற்கு முன்னாலேயே வாயைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஆயர் முழித்த முழி இருக்கிறதே, அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

இந்த எச்ஐவி உடம்புக்குள் என்னதான் செய்கிறது என்று மேடத்தைத் துளைத்து எடுத்தேன். அவர் முதலில் கோட்டை, போர்வீரர் என்று ஆரம்பித்தார். நான் கோட்டையைக் கண்டேனா? "கம்பெனி மாதிரி சொல்லுங்க மேடம், அப்பதான் மண்டையில ஏறும்" என்றேன். "அப்ப நீ சொல்லு, நான் திருத்தறேன்" என்று சிரித்தார். அப்படி இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு கதை பண்ணினோம். உங்களுக்கும் சொல்கிறேன், பிரயோஜனப்படும்.

எங்கள் கம்பெனியில் கெட்ட பீஸ் வந்தால் பிடித்துத் தள்ளச் செக்கிங் டேபிள் இருக்கிறது. அவர்களை முடுக்கிவிடுவது சூப்பர்வைசர். உடம்பில் அந்தச் சூப்பர்வைசர் வேலையைப் பார்ப்பது சிடி4 என்கிற வெள்ளை அணு. வேறு கிருமி உள்ளே நுழைந்தால் அவர் ஒரு சத்தம் போடுவார், எல்லோரும் ஓடிவந்து அமுக்கிவிடுவார்கள். எச்ஐவி கெட்டிக்காரக் கிருமி. அது நேரே சூப்பர்வைசரின் கேபினுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்குச் சொந்தமாக மிஷின் கிடையாது, ஆளும் கிடையாது. கையில் ஒரு பேட்டர்ன், அதாவது எப்படி வெட்டித் தைக்க வேண்டும் என்று காட்டுகிற அச்சு அட்டை, அது மட்டும் வைத்திருக்கிறது. அந்தப் பேட்டர்னை நம்முடைய பேட்டர்ன்களுக்கு நடுவே செருகிவிடும். தைக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? வந்த பேட்டர்னை வெட்டித் தைப்பார்கள். ஷூ வரவேண்டிய இடத்தில் வைரஸ் வைரஸாகத் தைத்துத் தள்ளுவார்கள். கடைசியில் அந்தக் கேபினே இடிந்து போகும். புதிதாகத் தைத்த வைரஸ்கள் அடுத்த சூப்பர்வைசரைத் தேடிக் கிளம்பும்.

இதெல்லாம் சட்டென்று வெளியே தெரியாது. வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே நடக்கும். ஆள் நன்றாகத்தான் இருப்பார், நான் இருந்த மாதிரி. சூப்பர்வைசர்கள் குறைந்துகொண்டே போய், சத்தம் போட ஆளில்லாத நிலை வரும்போதுதான் காசநோய் மாதிரி வியாதிகள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். அந்த நிலைமைக்குத்தான் எய்ட்ஸ் என்று பேர். இதைக் கேட்டபோது என் முதல் கணவர் எதனால் போயிருப்பார் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவர்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பாவம், அவருக்கும் யாரும் காலத்தில் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"அப்ப மாத்திர இன்னா மேடம் பண்ணும்?" என்று கேட்டேன்.

"அந்தப் பேட்டர்ன வெச்சித் தைக்கவே முடியாதபடி மிஷின நிறுத்திடும். வைரஸ் உற்பத்தி நின்னுட்டா உன் சூப்பர்வைசருங்க மறுபடி பெருகுவாங்க. ரத்தத்துல வைரஸ் கம்மியாச்சின்னா பிள்ளைக்குப் போறதும் கம்மியாயிடும்."

"அந்தப் பேட்டர்ன மொத்தமா எடுத்து வெளிய கடாச முடியாதா?"

"இன்னிக்கி வரைக்கும் நம்மகிட்ட அதுக்கு வழி இல்லம்மா. அது சில அணுக்குள்ள பூட்டினு தூங்கும். தினமும் மாத்திர போட்டா தூங்கினே இருக்கும். நீ நிறுத்தினா எழுந்து ஷிஃப்ட்ட ஆரம்பிச்சிடும்." பிறகு சொன்னார்: "இனிமே வர்றவங்களுக்கு நான் உன் கம்பெனி கதையத்தான் சொல்லப் போறேன், போ."

நான் அன்றைக்கு ஆண்டவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். எனக்காக இல்லை ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் போகாமல் பாரும் என்றேன். தினமும் சாயங்காலக் குடும்ப ஜெபம் முடிந்ததும் மாத்திரை என்று வைத்துக்கொண்டோம். ஆமென் சொன்ன வாயில் மாத்திரை. மறக்கவே வழியில்லை. முதலில் தலை சுற்றியது, கனவெல்லாம் கண்டபடி வந்தது, பிறகு உடம்பு பழகிவிட்டது. தண்ணீர்ச் சொம்பை டேனியல் எடுத்துக்கொண்டு வருவார்.

எட்டாம் மாதம் ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று பரிசோதித்தார்கள். முடிவு வந்த அன்று மேடமே போன் பண்ணினார். வைரஸ் டெஸ்ட்டிலேயே தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றார்! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு பாய் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். அண்ணி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "சொகமாயிடிச்சி! என் கர்த்தர் சொகமாக்கிட்டாரு!" என்று அழுதார்.

"அண்ணி, போவல அண்ணி. தூங்குது. மாத்திர போட்டாதான் தூங்கும்."

"தெரியலன்னாங்கல்ல? இருந்தா தெரியாமப் பூடுமா? சும்மா இரு, அவிசுவாசமா பேசாதே."

சந்தோஷத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். அவருடைய பொருத்தனை என்னவென்று எனக்கு அப்போது தெரியாது அல்லவா?

அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை. எங்கள் பக்கத்து அறுப்புப் பண்டிகையைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவரவர் கையின் பலனைக் கொண்டுவந்து பீடத்தண்டை வைப்போம். பூசணிக்காய் வரும், வாழைத்தார் வரும், சேவல் வரும். அதோடு ஷூ ஜோடி, லெதர் பர்ஸ், குடியாத்தம் லுங்கி எல்லாம் வரும். ஒரு அண்டா பிரியாணிகூட வரும். பிரசங்கம் நடக்கும்போது அந்த வாசனையில் ஆயர் சொல்வது பாதிதான் காதில் விழும். வேண்டுதல் வைத்தவர்கள் தங்கள் பொருத்தனையையும் அன்றைக்குத்தான் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். பீடத்தில் வைத்ததை வைத்தவரே திரும்பக் கை நீட்டி எடுப்பது கிடையாது. அது ஆண்டவருக்குப் போனது. வேண்டுமென்றால் ஏலத்தில் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அண்ணி அன்றைக்கு வெள்ளைப் புடவை கட்டி, துணி போட்டு மூடிய ஒரு கூடையோடு பவனியில் போனார். கத்தரிக்காயாக இருக்கும் என்று நினைத்தேன். வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என் காதோடு சொன்னார்: "பொருத்தனய முடிச்சிட்டேன் ஜாய்ஸு. நீ சொகமானா உன் மாத்திரைய பீடத்துல வெச்சிடறேன்னு வேண்டினேன். வெச்சிட்டேன். ஏலத்தப்ப நானே எழுந்து சாட்சி சொல்வேன்."

எனக்கு வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை விட்டது. அந்தப் பிரசங்கத்தில் ஆயர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதைப் படித்தால் அவர் மன்னிக்க வேண்டும்.

மாத்திரை போனால் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்கலாம், கொடுப்பார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் அன்று சாயங்காலத்து வேளை? அதைவிடப் பெரிய பயம் வேறு. சபை முன்னால் நான் சுகமானவள் என்று அண்ணி சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அந்த வீட்டில் எந்த முகத்தோடு மாத்திரையை எடுத்து வாயில் போடுவேன்? போட்டால் கர்த்தர்மேல் நம்பிக்கையில்லாதவள் என்று பேர். போடாவிட்டால் தூங்குகிறது எழுந்துவிடும், அதுவும் பிரசவத்துக்கு ஒரு மாதம் இருக்கையில். எங்கள் சபையிலேயே சாட்சி சொன்ன கையோடு சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டி வந்தவர்கள் உண்டு. ஆண்டவரே, அண்ணியும் உம்முடைய பிள்ளை, நானும் உம்முடைய பிள்ளை, வயிற்றில் இருப்பதும் உம்முடைய பிள்ளை, எங்கள் மூன்று பேரையும் வெட்கப்படுத்தாமல் ஒரு வழி பண்ணும் என்று கெஞ்சினேன்.

ஆராதனை முடிந்ததும் ஓடிப்போய் டேனியலிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "பீடத்துல வெச்சத எப்பிடி எடுக்கறது? ஏலத்துலதான் கேக்கணும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் வேப்பமரத்தடியில் மைக் கட்டிவிட்டார்கள்.

எங்கள் சபைச் செக்ரெட்டரி அண்ணன் ஏலம் விட்டால் பூசணிக்காய்கூடத் தங்கம் ஆகிவிடும். சேவல் போனது. லுங்கி போனது. பிரியாணி அண்டாவுக்குப் பெரிய போட்டி நடந்தது. அப்புறம் அண்ணியின் கூடையைத் தூக்கினார். துணியை விலக்கி, மேலே இருந்த கத்தரிக்காய்க்குக் கீழே கையை விட்டு ஒரு வெள்ளைப் புட்டியை எடுத்தார். லேபிளை அண்ணி கிழித்துவிட்டிருந்தார். ஆட்டிப் பார்த்தார். கலகலவென்று சத்தம்.

"இது இன்னாதிது? மருந்தா? யாரு வெச்சது?"

அண்ணி எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் டேனியல் கையைத் தூக்கி, "நூறு ரூபா!" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. என்ன மருந்து என்றே தெரியாமல் ஏலம் கேட்கிறான் பார் என்றார்கள்.

"எரநூறு!" என்றார் அண்ணி. "டேனியலு, அது கர்த்தருக்குப் போனது. நீ எடுக்காதே."

"ஐநூறு!"

"ஆயிரம்!"

அக்காவும் தம்பியும் எதிரெதிராக நின்று ஒரு மாத்திரைப் புட்டிக்கு ஏலம் கேட்கிறார்கள். ஜனங்கள் பிரியாணியையே மறந்துவிட்டார்கள். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் செக்ரெட்டரி அண்ணன் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். வியாதியின் பேரைச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் இதைச் சொன்னேன்:

"இது என் மாத்திர. நானும் என் புள்ளயும் நல்லா இருக்கறது இதாலதான். தினமும் போடணும், உயிரோட இருக்கறவரிக்கும் போடணும். அண்ணி, நீங்க எனக்காகப் பட்டினி கெடந்து ஜெபம் பண்ணீங்க. ஆண்டவரு கேட்டுட்டாரு, பதில் குடுத்துட்டாரு. அந்தப் பதிலுதான் இந்தப் புட்டி. அவரு குடுத்த பதில அவருகிட்டயே திருப்பிக் குடுத்துட்டா எப்பிடி அண்ணி?"

மரத்தில் கட்டியிருந்த சேவல்கூட வாயை மூடிக்கொண்டது. அண்ணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் திரண்டு நின்றது, விழவில்லை. கோபமா, வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் செக்ரெட்டரி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஆயிரத்துல நிக்குதில்ல? தரம் சொல்லுங்க."

"ஒருதரம்... ரெண்டுதரம்..." டேனியல் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். ஏன் அழுத்தினேன் என்று எனக்கே தெரியாது. "மூணுதரம்!"

அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தைக் கொடுத்துப் புட்டியை வாங்கினார். நேரே என்னிடம் வந்தார். எல்லோர் முன்னாலும் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"பொருத்தனய நான் பீடத்துல செலுத்திட்டேன், அதுல பாக்கி இல்ல. இது நான் ஏலத்துல எடுத்தது. என் பொருளு, நான் யாருக்கு வேணா குடுப்பேன். இந்தா, ராத்திரி வேளய விட்றாதே."

அப்போதுதான் அவர் அழுதார். நானும் அழுதேன். செக்ரெட்டரி அண்ணன் மைக்கில் அல்லேலூயா என்று போட்ட சத்தத்தில் சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. மூன்று பேரையும் வெட்கப்படுத்தாத வழி கேட்டேன் அல்லவா? எங்கள் ஏல வழக்கத்துக்குள்ளேயே ஆண்டவர் அந்த வழியை வைத்திருந்தார்!

அடுத்த மாதம் சுகப்பிரசவம். பெண் குழந்தை. குரல் என்னுடையது, ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. பிறந்தவுடனே பிள்ளைக்கும் சில வாரங்கள் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நான் மாத்திரையை விடாமல் போட்டுவந்தால் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதால் கொடுத்தேன். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் அந்தச் சின்னக் காலில் ஊசி குத்தும்போது எனக்குப் பிராணன் போய்வரும். ஒவ்வொரு தரமும் இல்லை என்றே வந்தது. ஆனாலும் கடைசி டெஸ்ட் இருக்கிறது, பால் மறந்து மூன்று மாதம் கழித்துத்தான் முடிவாகச் சொல்ல முடியும் என்றார்கள். அந்த மூன்று மாதம் நான் வாயாடாமல் இருந்தேன் என்று சொன்னால் எங்கள் லைனில் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அது நிஜம்.

கிருபாவுக்கு இரண்டு வயது ஆகப்போகிற இந்த வருஷம், பண்டிகைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை போனோம். அதே அறை, அதே மேடம். இந்தத் தரம் அவர் கதவைச் சாத்தவில்லை. "ஜாய்ஸு, உன் கம்பெனிலேர்ந்து ஒரு கெட்ட பீஸ் கூட வெளிய போவல" என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கிருபா என் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். டேனியல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

போன ஞாயிறு அறுப்புப் பண்டிகை வந்தது. இந்த வருஷம் கூடையை நானே எடுத்துக்கொண்டு போனேன். ஏலத்தில் செக்ரெட்டரி அண்ணன் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "மறுபடியுமா!" என்று தலையில் கை வைத்தார். புட்டியை எடுத்து ஆட்டினார். சத்தம் வரவில்லை.

"காலியா இருக்கே ஜாய்ஸு?"

"ஆமா அண்ணே. ஒண்ணுகூட விடாம முழுங்கிட்டேன். அதான் சாட்சி" என்று மைக்கை வாங்கினேன். இந்தத் தரம் வியாதியின் பேரைச் சொன்னேன். எச்ஐவி என்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, என் முழுக் குரலில் சொன்னேன். சொல்லி முடித்ததும் இடுப்பிலிருந்த கிருபாவைத் தூக்கிக் காட்டினேன். யார் யார் முகம் மாறியது என்று நான் பார்க்கவில்லை. அண்ணி முதல் ஆளாகக் கை தட்டியது மட்டும் பார்த்தேன். அந்தக் காலிப் புட்டியையும் அவர்தான் ஏலத்தில் எடுத்தார். எங்கள் வீட்டு அலமாரியில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

கூட்டம் கலையும்போது எங்கள் கம்பெனியில் வேலை செய்கிற ஒருத்தி வந்து என் கையை இறுக்கிப் பிடித்தாள். "எனக்கும் ஒருதரம் டெஸ்ட் எடுத்துப் பாக்கணும். தனியா போவ பேஜாரா கீது. கூட வர்றியா?" என்றாள். வருகிறேன் என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பயமாக இருந்தால் ஜெபம் பண்ணுங்கள், பண்ணிவிட்டு எழுந்துபோய் டெஸ்ட் எடுங்கள். இருக்கிறது என்று வந்தால் இடிந்துபோகாதீர்கள். என்னைப் பாருங்கள், என் பிள்ளையைப் பாருங்கள். இல்லை என்று வந்தால் இருக்கிறவர்கள் பக்கத்தில் முழங்கால் போட்டு அதே கிண்ணத்தில் குடியுங்கள். என் ஆண்டவர் கை நீட்டிக் கொடுப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது வெள்ளைப் புட்டியில் வந்தாலும் சரி.

இன்னும் நிறைய எழுத ஆசைதான். ஆனால் குடும்ப ஜெபம் முடிந்து ரொம்ப நேரமாகிவிட்டது. ஒரு கையில் கிருபாவும் மறு கையில் தண்ணீர்ச் சொம்புமாக அண்ணி என் தலைமாட்டில் வந்து நிற்கிறார்.

"ஆமென் சொல்லி எத்தினி நேரமாவுது, இன்னும் இன்னாத்த எழுதினு கீற? இந்தா, மொதல்ல மாத்திரைய போடு."